பெரியம்மா ஏன் வீட்டை விட்டு வரவில்லை? குறுக்குவெட்டு என்ற கருத்துக்கு ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் 15 நிமிடம் போனால் என் பெரியம்மா இருந்த தோட்டம் வரும். 1997-இல், நான் படிவம் மூன்று படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துத் துணியை நனைத்துக் கொடுத்தார். சாயங்காலம் பெரியம்மா திரும்பிப் போய்விட்டார். மறுநாள் விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், நிற்க வேண்டுமே.

அந்த வீட்டை விட்டு ஏன் வரமாட்டேன் என்கிறார்? பல வருடம் எனக்குள் இதே கேள்விதான். பெரியப்பா மேல் கோபம். பெரியம்மா மேல் அதைவிடக் கோபம். வளர்ந்து, படித்து, ஒரு கருத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் கேட்டது தப்பான கேள்வி என்று புரிந்தது. அந்தக் கருத்தைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். தமிழில் 'குறுக்குவெட்டு' என்று எழுதுகிறார்கள். 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் கிடக்கிற விஷயம்தான்.

முதலில் பெரியம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பெரியப்பா பெயரில் கொடுத்திருந்தார்கள், அதுவும் அவர் செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருக்கும்வரை. அவர் லாக்கப்புக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். தோட்டத்து மக்களுக்கு இந்தப் பயம் பழையது. 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் ஏராளம். எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியதற்குக் காரணமும் இதுதான்.

அப்புறம் போலீஸ். பெரியம்மாவுக்குத் தெரிந்த மலாய், கடையில் சாமான் வாங்கும் அளவுக்கான மலாய். அந்த மலாயை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஆணிடம், உடம்பில் எங்கெங்கே அடி விழுந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவார்களா என்பது ஒரு பயம். நம்பி, அந்த மனுஷனை உள்ளே வைத்து அடித்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பயம். தோட்டத்து இந்திய ஆண் லாக்கப்புக்குள் போனால் எப்படித் திரும்பி வருவான் என்ற கவலை லயத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. அடித்தவரைத் தண்டிக்க வேண்டும் என்று நினைத்த அதே பெண், அவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்றும் நினைத்தாள். இதில் முரண்பாடு எதுவும் எனக்கு இப்போது தெரியவில்லை.

சட்டம் இருந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி 1996-இல் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் பெரியம்மாவின் கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. பதியாத கல்யாணத்துக்குச் சட்டம் துணை வராது என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். உண்மையில் அந்தச் சட்டம் சமயச் சடங்குப்படி நடந்த, பதியாத கல்யாணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதைத் தமிழில் சொல்ல யாரும் அந்த லயத்துக்கு வரவில்லை.

கடைசியாக, சொந்தக்காரர்கள். மாமா வீட்டில் இரண்டு அறை, ஏழு பேர். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்றார்கள். பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தால் அதுவும் போகும்.

சரி, இப்போது சொல்லுங்கள். பெரியம்மாவின் பிரச்சினை பெண் என்பதாலா, தமிழர் என்பதாலா, கூலி வேலை என்பதாலா, குடும்பத்தாலா? ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற மூன்றும் கூடவே வருகின்றன. குறுக்குவெட்டு என்பது இவ்வளவுதான்: ஒரு மனிதர்மேல் விழும் பாரங்கள் தனித்தனியாக விழுவதில்லை. ஒரே இடத்தில் சந்தித்து, தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு புதுவகைச் சிக்கலை உண்டாக்குகின்றன.

இந்தப் பெயரை 1989-இல் வைத்தவர் கிம்பர்லே கிரென்ஷா, அமெரிக்காவின் கறுப்பினச் சட்டப் பேராசிரியை. அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் போட்ட வழக்கு. 1964-க்கு முன்பு அந்தக் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. 70களில் பொருளாதாரம் சரிந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நீக்கியது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார்? உள்ளே விடாமல் வைத்திருந்த அதே பெண்கள்தான். 1976-இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்துத்தான் இருக்கிறது, அதனால் பெண் என்ற பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் கறுப்பினத்தவர் போட்ட இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் புதுசாக ஒரு முறையீடு செய்ய முடியாது. முன்பு வேலைக்கு எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையர்கள் என்பதும், கறுப்பினத்தவர் என்று வேலையில் இருந்தவர்கள் ஆண்கள் என்பதும் தீர்ப்பில் எடுபடவே இல்லை.

கிரென்ஷா இதற்கு ஒரு சாலைச் சந்திப்பை உவமையாகச் சொன்னார். நாம் சிம்பாங் என்று சொல்வோமே, அதேதான். நாலு பக்கமிருந்தும் வண்டி வருகிறது. நடுவில் நிற்பவரை ஒரு வண்டி இடிக்கலாம், இரண்டு சேர்ந்தும் இடிக்கலாம். எந்தச் சாலையிலிருந்து வந்த வண்டி என்று நிரூபித்தால்தான் மருந்து போடுவேன் என்று சொல்கிறவரிடம் அடிபட்டவர் என்ன செய்வார்?

இது அமெரிக்கக் கதை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நம் தோட்டத்து வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1920களின் கடைசியில் மலாயாவில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கித்தா (ரப்பர்) மரம் ஆணுக்கென்று சுலபமாகப் பால் சுரப்பதில்லை. அதே மங்கு, அதே உளி, அதே கொசுக்கடி. இருந்தும் 10 காசு குறைவு. அவள் வீடு திரும்பி அடுப்பு மூட்டித் துணி துவைக்கிற நேரத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த 12 கோரிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரையையும் கணக்கு எழுதும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். எங்கள் பெண்களைத் துரைமாரும் கிராணிமாரும் தொல்லைப்படுத்துவது நிற்க வேண்டும்.

அந்தப் பெண்களைப் பற்றிய கோரிக்கையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளைக்காரத் துரையின் மனைவியிடம் யாரும் அப்படி நடந்துகொள்ளத் துணியமாட்டார்கள். தோட்டத்து ஆணுக்கு அந்த வகைத் தொல்லை வராது. தமிழ்ப் பெண், கூலிப் பெண், பெரட்டில் பெயர் கூப்பிடுகிறவனின் கையில் அன்றைய வேலை இருக்கிற பெண், இவை மூன்றும் ஒரே ஆளாக இருந்ததால் வந்த துன்பம் அது. போராடிய ஆண்கள் அதைக் கண்டார்கள், எழுதினார்கள், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதே 12-இல் சீனனுக்குச் சமமான கூலி இருக்கிறது, ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கு என்பது இல்லை. இனம் என்ற சாலை அவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தன் வீட்டு அடுப்படியிலிருந்து வரும் சாலை தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள், மலையாளிகள். இன்று அரசாங்கக் கணக்கெடுப்பில் எல்லோரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள். கிராணி வீட்டுப் பெண்ணும் பால் மரம் வெட்டிய பெண்ணும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான் இருந்தார்கள், ஒரே வாழ்க்கைக்குள் இல்லை. லயங்களுக்குள்ளேயே சாதி பார்த்துக் குடி வைத்ததும், கோயில் காரியங்களில் யாரை எங்கே நிறுத்துவது என்பதும் நம் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த சங்கதி. நம் இனத்துக்குள்ளேயும் சிம்பாங் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்தக் கருத்தை விளக்கினால் அது நேர்மையாக இருக்காது.

இப்போது மருந்தடிக்கும் வேலைக்கு வருகிறேன், பெரியம்மா செய்த வேலை. கித்தா போய்ச் செம்பனை வந்தபோது வேலை பிரிந்த விதமே மாறிப்போனது. பால் வெட்டில் ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றார்கள். செம்பனையில் குலை வெட்டுவது ஆணுக்கு. உதிரிப் பழம் பொறுக்குவதும், உரம் போடுவதும், பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடிப்பதும் பெரும்பாலும் பெண்ணுக்கு. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். நகம் கறுத்து விழும், மூக்கில் ரத்தம் வரும். பெரியம்மாவின் வலது கைக் கட்டைவிரல் நகம் கடைசிவரை சரியாக முளைக்கவில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு 2002-இல் இந்தப் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. மலேசியாவில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி.

ஏன் இவ்வளவு தாமதம்? என் கருத்தைச் சொல்கிறேன். தொழிலாளர் உரிமை என்று பேசும்போது நம் கண்முன் வந்தது குலை வெட்டும் ஆண், அவருடைய சம்பள விகிதம். பெண்கள் உரிமை என்று பேசும்போது வந்தது ஆபீசில் வேலை செய்யும் பெண், அவருடைய பதவி உயர்வு. இந்தியர் உரிமை என்றால் கோயில், தமிழ்ப்பள்ளி, பல்கலைக்கழக இடம். எல்லாமே நியாயமான போராட்டங்கள். மூன்று கூட்டத்திலும் பம்பு கட்டிய பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

குடும்பம் என்ற சாலை இன்னும் சிக்கலானது, கல்யாணப் பதிவிலிருந்து அதைப் பார்க்கலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் எழுதப்பட்டு 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்குமுன் வழக்கப்படி கட்டிய தாலியைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப்பின் பதிவு கட்டாயம். டவுனில் இருந்தவர்களுக்கு அது ஒரு நாள் அலைச்சல். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும், பத்திரம் வேண்டும், விண்ணப்பப் பாரம் நிரப்ப ஆள் வேண்டும். "ஊரே பார்க்கத் தாலி கட்டியாச்சு, இன்னும் என்ன?" என்று விட்டவர்கள் பலர்.

இதன் பாரம் யார்மேல் விழுந்தது? பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை அப்பா வழியாக வராது, அம்மா வழியாகத்தான் வரும். அந்த அம்மா லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரமே எடுக்காமல் வளர்ந்தவர் என்றால்? அப்பா குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நாடற்ற பிள்ளை. பள்ளிச் சேர்க்கை முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வொரு கதவிலும் விளக்கம் சொல்லி நிற்க வேண்டும். நிற்பது பெரும்பாலும் அம்மாதான், 'உன்னாலதான்' என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு.

வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள், அப்பாவுக்கு இருக்கும் அதே உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று பல வருடம் போராடினார்கள். 2024 அக்டோபரில் அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த வெற்றி, உள்ளூரிலேயே பிறந்து பத்திரம் இல்லாமல் நிற்கும் லயத்துத் தாயைத் தொடவில்லை. பெண்ணுக்கான நீதி என்ற ஒரே சாலையில் வந்த உதவி, அவள் நிற்கும் சந்திப்பு வரை போய்ச் சேரவில்லை.

அதற்காகக் குடும்பத்தை வில்லனாக்கிவிட்டு நடந்துவிட முடியாது. வாடகைக்கு அறை தேடும்போது 'இந்தியருக்கு இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு, அன்று சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருவது அந்தக் குடும்பம்தான். அவள் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. கூட்டுப் (சீட்டு) பணத்தை முதல் மாதமே எடுத்துக் கொடுப்பது அத்தை. அதே குடும்பம்தான் பதினேழு வயதில் அவளைப் படிப்பை நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. கேடயமும் சுவரும் ஒரே கையில் இருக்கின்றன. வெளியுலகம் வரவேற்கிற பெண்ணிடம் "குடும்பத்தை விட்டு வா" என்று சொல்வது வேறு, வெளியுலகம் கதவடைக்கிற பெண்ணிடம் சொல்வது வேறு. பெரியம்மா விஷயத்தில் நான் புரிந்துகொள்ளாமல் போனது இதைத்தான்.

இந்தக் கருத்து பெண்களைப் பற்றியது மட்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. என் பெரியம்மா மகன், அண்ணன்தான், மோட்டாரில் போனால் சாலைத் தடுப்பில் நிறுத்தப்படுவார். கூட வரும் அண்ணியை யாரும் சந்தேகப்படுவதில்லை. இந்திய ஆண், கறுத்த நிறம், பழைய மோட்டார், மூன்றும் சேரும்போது ஆண் என்பதே பாரமாகிவிடுகிறது. வீட்டுக்குள் அவருக்குச் சலுகை தரும் அதே ஆண்மை சாலையில் அவரை நிறுத்தி வைக்கிறது.

நம்மைத் தாண்டியும் பாருங்கள். இப்போது தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அந்த இந்தோனேசியப் பெண்ணின் பெர்மிட்டில் இங்கே கல்யாணம் செய்ய அனுமதி இல்லை, கர்ப்பமானால் திருப்பி அனுப்பப்படலாம். எங்கள் பாட்டிக்கு இருந்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைகூட அவளுக்கு இல்லை. சுங்கை சிப்புட்டின் உட்புறத்துத் தெமியார் பழங்குடிப் பெண் சொந்தக் காட்டிலேயே நிலத்துக்காக வாதாட வேண்டியிருக்கிறது. அவர்கள் நிற்கும் சந்திப்புகள் வேறு. இதில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று போட்டி நடத்துவது இந்தக் கருத்தின் வேலை இல்லை. அப்படிப் போட்டியாக எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். இது ஒரு கேள்வி கேட்கும் முறை: இந்த உதவியை, இந்தச் சட்டத்தை, இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தபோது யாரை மனதில் வைத்திருந்தோம்? அந்த ஆளின் பக்கத்தில் நின்றும் நம் கண்ணில் படாமல் போனவர் யார்?

கோயில் மண்டபத்தில் பெண்களுக்கான சட்ட ஆலோசனை நடத்துகிறோம் என்று வையுங்கள். வேலைநாள் காலையில் வைத்தால் தோட்டத்துப் பெண் வரமாட்டாள். மலாயில் மட்டும் பேசினால் வந்தும் பயனில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போவாள். மாமியார் கூட வந்தால் வாயே திறக்கமாட்டாள். சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் குறுக்குவெட்டு நடைமுறையில் இப்படித்தான் தெரியும்.

பெரியம்மா இருந்த தோட்டத்தில் பாதி இப்போது தாமானாகி, அதாவது வீடமைப்புப் பகுதியாகி, விட்டது. பெரியப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பெரியம்மா மகளோடு இருக்கிறார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் என் பழைய கேள்வியை மாற்றிக் கேட்டேன். "அப்போ என்ன இருந்திருந்தா வெளியே வந்திருப்பீங்க, பெரியம்மா?"

கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒரு ரூமு. என் பேருல. பிள்ளைங்க ஸ்கூலுக்கு நடந்து போற தூரத்துல" என்றார். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, "வேற ஒண்ணும் வேணாம்மா" என்று சொல்லி அடுத்த முறுக்கைப் பிழிந்தார்.